இரண்டு தெருவுக்கு நடுவே ஒரு வீடு

வணக்கம். செட்டிநாட்டுப் பக்கம் வீடு, மனை தரகு பார்க்கிறவர்களுக்கான பேச்சு இது. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா பற்றியெல்லாம் உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிட முடியாது. முன்பின் தெரியாத ஒருவரை ஆளில்லாத பெரிய வீட்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, பத்திரமாக வெளியே வருவது எப்படி? இன்று அதைத்தான் பேசப்போகிறோம்.

நம் ஊர் வீடு, வந்தவரை ஒரேயடியாக உள்ளே விடாது. வழிப்போக்கர் திண்ணையோடு சரி. கணக்கு, கொடுக்கல் வாங்கல் பேச வந்தவர் முகப்போடு, அதாவது முன்கூடத்தோடு, நிற்பார். வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டுக்குள், சொந்தபந்தம். அதற்கும் பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டும் அடுப்படியும் வீட்டுப் பெண்கள் புழங்கும் இடம். ஆள் யாரென்று தெரியத் தெரியத்தான் அடுத்த கதவு திறக்கும். இன்றைக்குத் தரகர் செய்வது என்ன? போன் வந்த அரை மணி நேரத்தில் சாவிக்கொத்தோடு போய் முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை எல்லாவற்றையும் மலர்த் திறந்து வைத்துவிடுகிறார். பழைய வரிசைக்கே திரும்புங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

திண்ணை என்று நான் சொல்வது, முதல் சந்திப்பை. அது வீட்டில் நடக்கக் கூடாது. உங்கள் ஆபீசில் நடக்கட்டும்; ஆபீஸ் இல்லையென்றால் நாலு பேர் நடமாடும் டீக்கடையில் நடக்கட்டும். பார்ட்டியின், அதாவது வீடு பார்க்க வருகிறவரின், ஆதாரையோ ஓட்டுநர் உரிமத்தையோ கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி எண்ணையும் எடுங்கள். எடுத்த படத்தை அவர் கண்ணெதிரிலேயே இன்னொருவருக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள். தான் யாரென்று மூன்றாவது ஆளுக்கும் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிவதில்தான் பாதிக் காவல் இருக்கிறது. "எல்லாரிடமும் வாங்குறதுங்க, வீட்டுக்காரங்க கேக்குறாங்க" என்றால் போதும். கோடிக்கணக்கில் வீடு வாங்க வருகிறவர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.

பெயரை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வதில் பயனில்லை. 1986 ஜூலை 28 அன்று லண்டனில், ஃபுல்ஹாம் பகுதியில் வீடு காட்டப் போன சூஸி லாம்ப்ளூ என்ற இளம்பெண் தரகர் திரும்பி வரவேயில்லை. இன்றுவரை கிடைக்கவும் இல்லை. அவர் ஆபீஸ் டைரியில் இருந்தது நேரம், வீட்டு முகவரி, 'மிஸ்டர் கிப்பர்' என்ற ஒரு பெயர். அந்தப் பெயருக்கு உரிய ஆளை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. சூஸியின் பெற்றோர் மகள் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை, வேலை செய்யும் இடத்துப் பாதுகாப்பைப் பற்றி இன்றும் பயிற்சி கொடுத்து வருகிறது.

அடுத்து, வீட்டைத் தயார் செய்வது. பார்ட்டி வருவதற்கு அரை மணி முன்னால், கூட ஒரு ஆளோடு போய்விடுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் சன்னல்களைத் திறக்கவே இருபது நிமிடம் பிடிக்கும்.

முதலில் பூட்டு. கதவைத் திறந்ததும் பூட்டைக் கொண்டியிலேயே மாட்டித் தொங்கவிடுவது நம்மில் பலருக்கும் வழக்கம். அதனால் இரண்டு வகையில் கெடுதல் வரும். நீங்கள் உள்ளே இருக்கும்போது எவரும் வெளியிலிருந்து அமுக்கிப் பூட்டிவிடலாம். அல்லது, பார்ப்பதற்கு அதேபோல் இருக்கும் வேறொரு பூட்டை மாட்டிவிட்டு உங்களுடையதை எடுத்துக்கொள்ளலாம். நீங்களும் கவனிக்காமல் அதை அமுக்கிப் பூட்டிவிட்டுப் போவீர்கள். இரவு அதன் சாவியோடு அவன் வருவான். ஆகவே திறந்த பூட்டு உங்கள் பைக்குள் போக வேண்டும். சாவியில் வீட்டு முகவரி எழுதிய அட்டையும் வேண்டாம். வெறும் எண் போடுங்கள், எந்த எண் எந்த வீடு என்பது உங்கள் நோட்டில் இருக்கட்டும்.

அடுத்தது பின்வாசல். நம் வீடுகளில் பல, முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக இருக்கும். தப்பிக்க நல்ல வழி. கூட்டாளி நுழையவும் நல்ல வழி. பின்கதவில் பூட்டு வேண்டாம், உள்தாழ்ப்பாள் மட்டும் போட்டு வையுங்கள். உள்ளே இருப்பவர் சாவியில்லாமல் திறக்கலாம், வெளியே இருப்பவரால் முடியாது. அந்தத் தாழ்ப்பாள் நகர்கிறதா என்று அன்றைக்கே இழுத்துப் பாருங்கள். ஐப்பசி மழையில் மரம் ஊதி, கதவு நிலையோடு கவ்விக்கொள்ளும். துரு ஏறியிருந்தால் ரெண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். முன்கதவின் இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும், காற்றில் சாத்திக்கொள்ளாதபடி செங்கல் வையுங்கள்.

மூன்றாவது, செல்போன் சிக்னல். சுவர் கனம் அப்படி. முகப்பில் நாலு கோடு காட்டுகிற போன், உள்ளறைக்குள் போனதும் செத்துவிடும். வளவின் திறந்த முற்றத்தில் பெரும்பாலும் கிடைக்கும். எந்த இடத்தில் கிடைக்கிறது என்று முன்கூட்டியே நடந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பாம்பு, தேனீ விஷயமும் இதே சுற்றில் முடிய வேண்டும். இருட்டறைக்குள் கால் வைக்கும் முன் டார்ச் அடியுங்கள், தரையைத் தட்டுங்கள். மாடத்தில் மலைத்தேனீ கட்டியிருந்தால் அன்று மாடியைக் காட்டாதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் வைத்து 108 கூப்பிடுங்கள். பூட்டிக் கிடக்கும் நிலவறை, பழங்கிணறு இரண்டிலும் இறங்கவே வேண்டாம். உள்ளே மூச்சு விடக் காற்று இருக்காது.

பார்ட்டி வந்தாயிற்று. இனி நடை வரிசை: அவர் முன்னால், நீங்கள் பின்னால். வழி காட்டுகிறேன் என்று முன்னே போனால் உங்கள் முதுகு அவர் பக்கம் இருக்கும். கையை நீட்டி, "வாங்க, இப்படிப் போங்க" என்று சொல்லிப் பின்தொடருங்கள். மாடிப்படியிலும் அப்படித்தான். அறை வந்தால் நிலைக்கு வெளியே நின்று காட்டுங்கள். உள்ளே போய்ச் சன்னல் திறந்து காட்டுவது உங்கள் வேலை இல்லை, அதைத்தான் முன்கூட்டியே திறந்து வைத்துவிட்டோமே. நிலைப்படிகள் உயரம், மேல்நிலை தாழ்வு. ஓட வேண்டி வந்தால் கால் தட்டும், தலை இடிக்கும். போகும்போதே எது எங்கே என்று மனதில் வையுங்கள். வழுவழுப்பான தரையில் ஓடச் செருப்பும் சரிப்படாது, பிடிப்புள்ள ஷூ நல்லது. ஆள் நம்பும்படி இருக்கிறார், பேச்சும் சரியாகப் போகிறது என்றால் மட்டும் இரண்டாம் கட்டு. இல்லையென்றால், "அந்தக் கட்டுச் சாவி இன்னொரு பங்காளிகிட்ட இருக்குங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம்." பல புள்ளிகள், அதாவது பல பங்குக் குடும்பங்கள், இருக்கும் வீட்டில் இதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

பங்காளி என்றதும் இன்னொன்று. ஒரு பங்குக்காரர் சாவி கொடுத்ததை நம்பிப் போய், நடுவளவில் இன்னொரு பங்குக்காரரிடம் அடி வாங்காத குறையாக நிற்பதும் ஆபத்துதான். எந்த நாள், எத்தனை மணி என்று குறிப்பிட்டு எல்லாப் பங்காளிகளின் சம்மதத்தையும் வாட்ஸப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

ஆள் எப்படி என்பது கேள்வியில் தெரிந்துவிடும். வாங்க வந்தவர் எத்தனை பங்கு, பட்டா யார் பேரில், ஓடு எப்போது மாற்றியது, லாரி வருமா என்று கேட்பார். ராத்திரி இங்கே யார் படுக்கிறார்கள், ஆச்சி எப்போது ஊருக்கு வருவார், பின்பக்கம் எந்தத் தெரு என்றே சுற்றிச்சுற்றிக் கேட்பவர் வேறு காரியமாக வந்தவர். விலையே கேட்காமல் பர்மா தேக்குத் தூணையும் கதவுச் சிற்பத்தையும் கண்ணாடியையும் எண்ணுபவரும் அப்படியே. விளம்பர வீடியோவில் இவற்றைத் துல்லியமாகக் காட்டித் தெருப் பெயரும் சொல்வது, நாமே பட்டியல் எழுதித் திருடனுக்குக் கொடுப்பது போல.

சந்தேகம் வந்தால் போனில் சொல்ல ஒரு ரகசிய வாக்கியம் வேண்டும். "சாவியைக் கொண்டாங்கண்ணே" என்று வைக்காதீர்கள். சாவியைத் தினமும் மறக்கிறோம், யாரும் பதற மாட்டார்கள். "அந்த ஊதா ஃபைலை எடுத்துட்டு வாங்க" என்பது போல், தொழிலில் வராத பொருளாக இருக்கட்டும்.

நேரம் காலை பத்து முதல் மாலை நாலு வரை. வெயில் சாய்ந்தால் வளவுக்குள் சீக்கிரம் இருட்டிவிடும். வண்டியை மூக்கு தெருவைப் பார்க்க நிறுத்துங்கள்; பார்ட்டியின் காரில் ஏற வேண்டாம். அட்வான்ஸை அங்கேயே ரொக்கமாக வாங்கவும் வேண்டாம். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமானவரிச் சட்டமே விடுவதில்லை. பணம் கையில் இல்லை என்று தெரிந்த ஆளை யாரும் வழிமறிக்க மாட்டார்கள்.

முடிந்ததும் பார்ட்டியை முதலில் அனுப்புங்கள். அவர் வண்டி தெருமுனை தாண்டிய பிறகு உங்கள் ஆளோடு சேர்ந்து எல்லாக் கட்டையும் ஒரு சுற்று பாருங்கள். யாராவது உள்ளே தங்கிவிட்டார்களா, சன்னல் கொக்கி கழற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். முதலில் படம் அனுப்பினீர்களே, அதே ஆளுக்கு "பூட்டியாச்சு" என்று செய்தி அனுப்புங்கள்.

சொன்ன நேரம் தாண்டி இருபது நிமிடத்தில் அந்தச் செய்தி வராவிட்டால், மறுமுனையில் இருப்பவர் இரண்டு முறை கூப்பிட வேண்டும். எடுக்கவில்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பிவிட்டு அவசர உதவி எண் 112-ஐ அழைக்க வேண்டும். பெண்கள், மகளிர் உதவி எண் 181-ஐயும் போனில் பதிந்து வையுங்கள். அழைப்பை எடுப்பவருக்கு நம் தெரு தெரிந்திருக்காது. மாவட்டத்தை முதலில் சொல்ல வேண்டும்: கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்றால் சிவகங்கை, ராயவரம், கோனாபட்டு என்றால் புதுக்கோட்டை. பிறகு ஊர், வீட்டின் பெயர், முன்வாசல் இருக்கும் தெரு, பின்வாசல் இருக்கும் தெரு. இந்த ஐந்தையும் கிளம்பும் முன்பே ஒரு தாளில் எழுதி, அவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.