மலை ஏறும்போது பழைய கார் ஏன் திணறுகிறது?

(காட்சி: பர்லியார். சாலையோரம் பானெட் திறந்த பழைய கார்.)

வணக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் இப்படி ஒரு காரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். டிரைவர் ஈரத்துணியைப் பெட்ரோல் பம்ப் மேல் சுற்றிக்கொண்டிருப்பார். கேட்டால், "ஏர் லாக் ஆயிடுச்சுங்க" என்பார். குழாயை அடைத்து நிற்பது காற்று இல்லை, பெட்ரோலின் ஆவி.

பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினோடு ஒட்டியே இருக்கும். இன்ஜினுக்குள் இருக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு சுற்றச் சுற்ற, பம்ப்புக்குள் டயாபிரம் என்ற வளையும் தகடு அசைந்து, பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் எதுவும் சீக்கிரம் கொதிக்கும். ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக ஏன் அவ்வளவு நேரமாகிறது? 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பெட்ரோலுக்கு அவ்வளவு சூடுகூட வேண்டாம். 14 கொண்டை ஊசி வளைவு ஏறிய இன்ஜினின் சூடு தாராளமாகப் போதும்.

(காட்சி: பழைய ரோல்ஸ்-ராய்ஸ், பானெட்டுக்குள் சிறிய டேங்க்.)

1929-ல் வந்த ரோல்ஸ்-ராய்ஸ் 20/25 காரில் ஆட்டோவாக் இருந்தது. அதாவது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரை விட உயரத்தில் ஒரு குட்டி டேங்க். இன்ஜினின் வெற்றிடம் பெட்ரோலை அதற்குள் இழுக்கும், அங்கிருந்து அது தானாகவே கீழே இறங்கும். அழகான யோசனை. ஆனால் ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்தியபடி நீண்ட ஏற்றம் ஏறினால் வெற்றிடம் குறைந்து, குட்டி டேங்க் காலியாகிவிடும். காலைக் கொஞ்சம் எடுத்தால்தான் மறுபடி நிரம்பும். ஏற்றத்தில் காலை எடுப்பது எவ்வளவு சங்கடம் என்று காட் ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது 1955-ல் வந்த ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கிளவுடின் ஏற்பாடு. எஸ்.யு. கம்பெனியின் இரட்டை எலக்ட்ரிக் பம்ப், பானெட்டுக்குள் இல்லை, காரின் அடிச்சட்டமான சேசிஸில். ஒன்று நின்றாலும் இன்னொன்று ஓடும். இன்ஜின் சூட்டிலிருந்து பம்ப் தள்ளியிருக்கிறது. அங்கிருந்து கார்புரேட்டர் வரை பெட்ரோல் தள்ளப்பட்டுப் போகிறது, இழுக்கப்பட்டு அல்ல. அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் அவ்வளவு லேசில் ஆவியாகாது. குழாயில் ஊசித் துளை விழுந்தாலும் வித்தியாசம் தெரியும்: தள்ளும் பக்கம் பெட்ரோல் கசிந்து மூக்குக்கு எட்டும். உறிஞ்சும் பக்கமோ, சொட்டுக்கூடக் கசியாமல் காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

(காட்சி: பம்ப் அருகில். சத்தம் மட்டும்.)

இதைக் கேளுங்கள். டிக், டிக், டிக்... இது எஸ்.யு. பம்ப்பின் சத்தம். கரன்ட் பாயும் கம்பிச்சுருள் (காயில்) டயாபிரத்தை இழுக்கும்போது பெட்ரோல் உள்ளே வருகிறது. சுவிட்ச் போல வேலை செய்யும் பாயின்ட் விலகி கரன்ட் நின்றதும் ஸ்பிரிங் அதை வெளியே தள்ளுகிறது. கார்புரேட்டர் நிறைந்து, அதன் ஊசி வால்வு மூடியதும் ஸ்பிரிங்கால் தள்ள முடியாது. சத்தம் அடங்கிவிடும்.

அதனால் இந்தப் பம்ப் உள்ள கார் என்றால், மேட்டுப்பாளையத்தில் மலை ஏறும் முன், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, ஜன்னலை இறக்கிவிட்டுக் கேளுங்கள். சத்தம் மெதுவாகி அடங்கினால் சரி. டிக் டிக் என்று வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால், டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், பெட்ரோல் வாசனையும் இல்லையென்றால், பம்ப் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம்; கசிவு கண்ணுக்குத் தெரியாது என்பதால், டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ள குழாய் இணைப்புகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.