பாட்டுக் கேட்கப் போன பார்த்தோக்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டப்புறத்து ஆள் நான். மேல்நாட்டுச் செவ்வியல் இசையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அலைவரிசையை மாற்றிவிடாதீர்கள். நான் சொல்லப்போகிறவர் கிராமம் கிராமமாக அலைந்து கிழவிகளிடம் பாட்டுக் கேட்டவர். பெயர் பேலா பார்த்தோக், ஹங்கேரி நாட்டு இசையமைப்பாளர். பிறந்தது 1881இல். பிறந்த ஊர் இன்றைக்கு ருமேனியாவில் இருக்கிறது.

படித்தது புடாபெஸ்ட் இசைக் கல்லூரியில். நல்ல பியானோக் கலைஞர். 1904 கோடையில் ஒரு கிராமத்தில் தங்கியிருந்தபோது, ஓர் இளம்பெண் பாடுவது காதில் விழுகிறது. லிடி டோசா என்று பெயர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த ஆயா. சிவந்த ஆப்பிள் சேற்றில் விழுந்த கதையைப் பாடுகிறாள். அதுவரை நகரத்தில் ஹங்கேரி இசை என்று சொல்லப்பட்டது காப்பிக் கடைகளில் வாசித்த பிடில் இசை. இது வேறு மாதிரி இருந்தது. பார்த்தோக் அவளைப் பாடச் சொல்லி எழுதிக்கொண்டார்.

நம் தோட்டத்து ஆயாக்கொட்டகையை நினைத்துப் பாருங்கள். தாய்மார்கள் விடியலிலேயே பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். ஏணையை ஆட்டிக்கொண்டு ஆயா என்ன பாடினார்? வயதானவர்கள் வீட்டில் இருந்தால் இன்று இரவே கேளுங்கள்.

கேட்பது சுலபமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பார்த்தோக்கும், இன்னொரு இசையமைப்பாளரான நண்பர் கோடாயும் அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளில் பாட்டுச் சேகரிக்கும் வேலையில் இறங்கிவிட்டார்கள். கூடவே எடிசன் ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவி. பெரிய குழலுக்குள் பாடினால், சுழலும் மெழுகு உருளையில் ஊசி கோடு கீறும். ஓர் உருளைக்குச் சில நிமிடம்தான். 1907இல் ஒரு தோழிக்குக் கடிதம் எழுதுகிறார், நாடகம் மாதிரி, இவருக்கும் ஒரு கிராமத்து அம்மாளுக்கும் நடந்த பேச்சாக. பழைய பாட்டு வேண்டும் என்கிறார் இவர். அந்த அம்மாள் சாமி பாட்டு பாடுகிறார். அது வேண்டாம், உங்கள் ஊர்ப் பழைய பாட்டு என்கிறார். புதிதாக வந்த பாட்டு ஒன்று வருகிறது. கெஞ்சக் கெஞ்ச இதே கதைதான்!

படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் நான் போனபோதும் இதேதான் நடந்தது. பால்மரம் வெட்டின காலத்துப் பாட்டு ஒன்று பாடுங்க பாட்டி என்றால், தொண்டையைச் செருமிக்கொண்டு எம்ஜிஆர் படப் பாட்டு பாடினார். அது சினிமாப் பாட்டு பாட்டி என்றேன். "அதுதான்யா நல்ல பாட்டு" என்றார். சரி என்று கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் நெத்திலி ஆய்ந்துகொண்டே தன்பாட்டுக்கு ஒன்றை முனகுகிறார். கங்காணியைத் திட்டுகிற பாட்டு! கேட்டால் வராது, உட்கார்ந்திருந்தால் வரும். கேட்பது சுலபமில்லை என்றேன் அல்லவா, இதுதான்.

இப்படி ஹங்கேரி, ஸ்லோவாக்கிய, ருமேனியப் பாடல்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. 1913இல் அல்ஜீரியா, 1936இல் துருக்கி வரை போனார். ருமேனியப் பாட்டைச் சேர்த்ததற்குச் சொந்த நாட்டிலேயே திட்டு வாங்கினார். பாட்டுக்குப் பாஸ்போர்ட் கேட்கிறவர்கள் எங்கும் உண்டு, விடுங்கள்.

கிடைத்ததில் ஒரு விஷயம் நம் காதுக்கு உடனே பிடிபடும். பழைய ஹங்கேரி மெட்டுகள் பல ஐந்தே சுரத்தில் அமைந்தவை. நம் வித்வான் கேட்டால் சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்கள் என்பார். தாளமோ இன்னும் வேடிக்கை. 'மிக்ரோகாஸ்மாஸ்' என்று 153 பியானோத் துண்டுகள் எழுதினார், குழந்தைகளின் முதல் பாடத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும். கடைசி ஆறும் பல்கேரியத் தாளத்தில். 149ஆவது எப்படிப் போகும் தெரியுமா? தக திமி தகிட, தக திமி தகிட. ஏழு! நம் மிஸ்ர சாபு தாளத்தை, அதாவது தகிட தக திமியை, திருப்பிப் போட்ட மாதிரி. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காரில் இருப்பவர்கள் ஸ்டியரிங்கை விடாமல். தக திமி தகிட. எங்கள் உறுமி மேளப் பையன்களிடம் இதைப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது சுற்றிலேயே சேர்ந்து தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

கிராமத்து மெட்டை எடுத்து ஓரத்தில் பூ வைக்கிறவர் இல்லை அவர். தாய்மொழி மாதிரி அதைப் பழகி, பிறகு சொந்தமாகப் பேச வேண்டும் என்பது அவர் கருத்து. நான்கு தந்தி வாத்தியங்களுக்கு அவர் எழுதிய படைப்புகளில்... அடடா, ஒலிப்பதிவுக்காரர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம்தானாம்.

அப்படியென்றால் வேகமாக. நாஜிகளை வெறுத்தவர், 1940இல் அமெரிக்கா போனார். பணம் குறைவு, ரத்தப் புற்றுநோய் வேறு. 1943இல் மருத்துவமனையில் படுத்திருந்தவரிடம் பாஸ்டன் இசைக்குழுவின் தலைவர் குசெவிட்ஸ்கி வந்து புதிய படைப்பு கேட்டார். முழு இசைக்குழுவும் வாசிக்கும் 'கான்செர்டோ ஃபார் ஆர்கெஸ்ட்ரா' பிறந்தது, 1944 டிசம்பரில் அரங்கேறியது. 1945 செப்டம்பர் 26இல் நியூயார்க்கில் காலமானார். பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்க அவர் எழுதிய மூன்றாவது பியானோ கான்செர்டோவில் கடைசி 17 தாளக்கட்டங்களை நண்பர் டிபோர் செர்லி எழுதி முடித்தார். அதைப் பற்றிப் பேசத்தான் முக்கியமாக வந்தேன், போகட்டும்.

இப்போது 1915இல் அவர் எழுதிய 'ருமேனிய நாட்டுப்புற நடனங்கள்' ஒலிக்கும். ஆறு சின்னத் துண்டுகள். முதலாவது கம்பு ஆட்டம். மூன்றாவது மிக மெல்லியது, அப்போது ஒலியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். வணக்கம்.