ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் 'சஜஸ்ட்'

(திரையில்: ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசிப் பகுதி. இரண்டு வரிகள் மஞ்சளாகின்றன.)

வணக்கம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இந்த வீடியோ.

'சஜஸ்ட்' என்றால் யோசனை சொல்வது என்று படித்திருப்போம். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு: அறிகுறி காட்டுவது. இது தெரியாமல் பல வீடுகளில் வீண் பயம் வருகிறது.

பாலக்காட்டில் எடுத்தாலும் கோயம்புத்தூரில் எடுத்தாலும் ரிப்போர்ட் இங்கிலீஷில்தான் இருக்கும். "என்ன போட்டிருக்குதுன்னு படி கண்ணு" என்று பத்தாவது படிக்கிற பேத்தியிடம் நீட்டுவார் அம்மிச்சி. 'சஜஸ்டிவ் ஆஃப்' என்று இருக்கும், பக்கத்திலேயே ஒரு நோயின் பெயர். பிள்ளை பெயரை மட்டும் வாசித்துவிடும். வீடே கலங்கிப்போகும்.

படத்தில் தெரிவது அந்த நோயின் அறிகுறி மாதிரி இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். நோய் உறுதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அதற்காக ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடவும் கூடாது. டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இரண்டாவது வரி: 'கிளினிக்கல் கோரிலேஷன் சஜஸ்டட்'. இது யோசனை. ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர், முக்கியமாகப் படத்தைத்தான் பார்க்கிறார். நோயாளியை நேரில் பரிசோதிக்கும் டாக்டர், உடம்பில் உள்ள தொந்தரவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்கிறார்.

சரி, பரீட்சைக்கு வருவோம். 'சஜஸ்ட் மீ எ புக்' தவறு. 'சஜஸ்ட் எ புக் டு மீ' சரி. 'டு மீ' இல்லாமலே கேட்டால் இன்னும் இயல்பு. 'லெட்ஸ் கோ டு மலம்புழா' என்று அவள் சொன்னதை மாற்றி எழுதச் சொன்னால், 'ஷீ சஜஸ்டட் கோயிங் டு மலம்புழா'. 'சஜஸ்டட் டு கோ' என்று எழுதினால் மார்க் போய்விடும்.

அப்புறம், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. இரண்டு பொருளுக்கும் இலக்கணமே வேறு.

(திரையில்: இரண்டு வாக்கியங்கள், ஒன்றன்கீழ் ஒன்று.)

'ஐ சஜஸ்ட் தட் ஹி சீ எ டாக்டர்.' யோசனை என்பதால் 'சீஸ்' வராது, வெறும் 'சீ'.

'தி ஸ்கேன் சஜஸ்ட்ஸ் தட் ஹி ஹேஸ் எ ஸ்டோன்.' இது அறிகுறி. இங்கே 'ஹேவ்' இல்லை, வழக்கம்போல 'ஹேஸ்'தான்.