தண்டவாளம் போன வழியில் சைக்கிள்

நேயர்களுக்கு வணக்கம். சைக்கிளைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தில் கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்கு டயரைப் பற்றிக்கூடப் பேசி முடிக்க முடியாது. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன்.

நான் சொல்லப்போவது சாலையில் ஓட்டும் சைக்கிள் இல்லை. கார் கிடையாது, லாரி கிடையாது. மண்ணும் சரளைக்கல்லும் போட்ட பாதை, இரண்டு பக்கமும் மரம், பக்கத்தில் ஒரு குன்று. எஸ்டேட்டில் வளர்ந்த பெரியவர்களிடம் செம்மண் சடக்கு என்று சொன்னால் போதும், கண்முன் வந்துவிடும். அந்த மாதிரிப் பாதைக்கென்றே இப்போது கிராவல் பைக் என்று ஒன்று விற்கிறார்கள். பந்தய சைக்கிள் போல வளைந்த கைப்பிடி, ஆனால் 40 மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்த டயர். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வீட்டில் இருக்கிற சைக்கிளே போதும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

“இந்தச் சிங்கப்பூரில் காடு எங்கே, மலை எங்கே?” என்று கேட்பீர்கள். புக்கிட் தீமா இருக்கிறதே. 163 மீட்டர்தான், ஆனாலும் மலை மலைதான். அதன் அடிவாரத்தை ஒட்டி ஒரு பாதை போகிறது. நம்மில் நிறையப் பேர் அந்தப் பாதையில் பயணம் செய்திருக்கிறோம், ரயிலில். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரைக்கும் மலாயா ரயில் ஓடிய பாதை. மொத்தம் 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயில் போனது. ஜோகூர் சுல்தானே அதை ஓட்டிப் போனார். அப்புறம் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், பாதை மட்டும் மிஞ்சியது. அதுதான் இன்றைய ரயில் காரிடார்.

இதில் ஒரு விஷயத்தை நான் யாரைப் பார்த்தாலும் சொல்வேன், உங்களிடமும் சொல்கிறேன். ரயிலுக்கு ஏற்றம் ஆகாது. இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம், செங்குத்தாகப் போனால் வழுக்கும். 100 மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் உயர்ந்தாலே ரயிலுக்கு அது ஏற்றம்தான். அதனால் ரயில்பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்தினார்கள், சாலை குறுக்கே வந்தால் இரும்புப் பாலம் போட்டார்கள். இன்றைக்கு அறுபது வயதில் முழங்கால் வலியோடு நானும் என் மனைவியும் பேசிக்கொண்டே குன்றுக்குள் போய் வருகிறோம் என்றால், அந்த மண்ணைச் சுமந்த ஆட்களால்தான். அந்த ரயில்வேயில் நம் ஆட்களும் நிறைய வேலை பார்த்தார்கள். குவீன்ஸ்டவுனில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம், தண்டவாளத்தோரம் ரயில்வே தொழிலாளர்கள் கும்பிட்ட சின்னச் சன்னதியாகத் தொடங்கியதுதான்.

நியூசிலாந்தில் ஒட்டாகோ என்கிற இடத்திலும் இதே கதைதான். பழைய ரயில்பாதையைச் சரளைப் பாதையாக்கி 2000ஆம் ஆண்டில் முழுதாகத் திறந்தார்கள். 152 கிலோமீட்டர். மலைநாடு, ஆனால் ஓட்டுகிறவருக்கு மூச்சு வாங்காது. காரணம் அதேதான்: ரயிலுக்கு ஏற்றம் ஆகாது.

காரிடாரில் எங்கே தொடங்குவது? புக்கிட் தீமா பழைய நிலையத்தில் தொடங்குங்கள். 1932இல் கட்டிய சின்னச் செங்கல் கட்டடம். அந்த நிலையத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். சிறுவயதில் அத்தை வீட்டுக்கு ஜோகூருக்கு ரயிலில் போகும்போது ஜன்னல் இருக்கைக்காக அண்ணனோடு சண்டை போடுவேன். எதற்கு? இந்த நிலையத்துக்காக. ரயில் இங்கே வேகத்தைக் குறைக்கும். பிளாட்பாரத்தில் நிலைய அதிகாரி பெரிய வளையம் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதில் ஒரு தோல்பை, பைக்குள் ஒரு சாவி. ஓட்டுநர் கையை வெளியே நீட்டி, தன்னிடம் இருந்த வளையத்தைக் கொடுத்துவிட்டு, இதை வாங்கிக்கொண்டு போவார். ஒற்றைத் தண்டவாளம் அல்லவா, எதிரே இன்னொரு ரயில் வந்துவிட்டால்? அந்தச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் அடுத்த பகுதியில் போக அனுமதி. எத்தனை முறை பார்த்தாலும், கை நழுவிவிடுமோ என்று வயிற்றில் ஒரு பயம் வரும். நழுவி நான் பார்த்ததில்லை.

சரி, நிலையத்திலிருந்து வடக்கே ஹில்வியூ பக்கம் வரை 4 கிலோமீட்டர். இதுதான் காரிடாரிலேயே அழகான துண்டு. வலது பக்கம் புக்கிட் தீமா காடு. ரயில் மால் கடைவரிசை பக்கத்தில் அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு மேலே இரும்புப் பாலம் வரும். அங்கே நின்று கீழே பாருங்கள், அத்தனை வண்டியும் கீழேயே போகிறது. பாலத்தைத் தாண்டி மரத்துக்குள் நுழைந்தால் கொஞ்ச தூரத்திலேயே அந்த இரைச்சல் அடங்கிவிடும். இந்தப் பக்கத்தில் முன்பு ரப்பர் தோட்டம் இருந்தது, சில மரங்கள் இன்னும் நிற்கின்றன. வெயில் நேரத்தில் காய் வெடித்து ‘டப்’ என்று விதை தெறிக்கும். அந்த விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்தவர்கள் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வாங்கியவர்களும் இருப்பீர்கள்.

இப்போது டயர். வீட்டுச் சைக்கிளே போதும் என்று சொன்னேன், ஒரு நிபந்தனை உண்டு: காற்றைக் குறையுங்கள். நம் ஆட்களுக்கு டயர் கல் மாதிரி இருந்தால்தான் திருப்தி. கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து இன்னும் நாலு அடி அடிப்பார்கள். தார்ச்சாலைக்கு அது சரி. சரளையில், கடினமான டயர் ஒவ்வொரு கல்லிலும் ஏறி இறங்கும். கூடவே நீங்களும் ஏறி இறங்குவீர்கள், உங்கள் இடுப்பும். டயர் கொஞ்சம் இளகியிருந்தால் கல்லை அது உள்வாங்கிக்கொள்ளும், ஈரமான வேரில் பிடிப்பும் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் டயர், 70 கிலோ ஆள் என்றால் காற்றழுத்தம் 35, 40 பிஎஸ்ஐ போதும். அதற்காக ஒரேயடியாக இறக்கிவிடாதீர்கள், ரிம் கல்லில் இடித்து டியூப் போய்விடும். இரண்டு இரண்டு பிஎஸ்ஐயாகக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். என் மைத்துனர் புது சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினார். காற்றைக் குறைத்துக் கொடுத்தேன், பழைய சைக்கிளையே இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். கடைக்காரருக்குத்தான் என் மேல் வருத்தம்.

அப்புறம் மணி. இது நடப்பவர்களின் பாதையும்தான். வேக வரம்பு 25 கிலோமீட்டர், ஆள் இருந்தால் அதுகூட அதிகம். ஒருநாள் ஓர் அக்கா என்னை நிறுத்தி, “தம்பி, பக்கத்துல வந்து அடிச்சா தூக்கிவாரிப் போடுது. தூரத்துலேயே அடிங்க, நாங்க ஒதுங்கிக்கிறோம்” என்றார். அவ்வளவுதான் விஷயம். தூரத்திலேயே அடியுங்கள். குரங்கு இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் பையைக் கைப்பிடியில் மாட்டாதீர்கள், அதற்குள் சாப்பாடுதான் என்று அது முடிவு செய்துவிடும்.

ஏற்ற இறக்கம் வேண்டும் என்கிற இளையவர்கள் செஸ்ட்நட் பூங்காவுக்குப் போகலாம். 81 ஹெக்டேர், சைக்கிளுக்குத் தனிப் பாதை, நடப்பவர்களுக்குத் தனிப் பாதை. இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடிக்கக் கூடாது என்பதை… கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிடம்தான் என்று நினைக்கிறேன்.

உபின் தீவை ஒரு நிமிடத்தில் சொல்வது அநியாயம். சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். சைக்கிளுக்குத் தனிக் கட்டணம், ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய கருங்கல் குவாரியைச் சுற்றிக் கெத்தாம் சைக்கிள் பூங்கா இருக்கிறது. பலகையில் நீலச் சதுரம் போட்டிருந்தால் போகலாம், கருப்பு டைமண்ட் போட்டிருந்தால் பழகியவர்கள் மட்டும். தீவின் செக் ஜாவா சதுப்புநிலத்துக்குள் சைக்கிள் போகாது, வெளியே பூட்டிவிட்டு நடக்கவேண்டும். பிற்பகலில் இடி இடித்தால் மரத்தடியில் ஒதுங்காமல் கூரையுள்ள இடமாகப் பாருங்கள். இருட்டுவதற்குள் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.