வெளியே கருகுது, உள்ளே வேகலை: கரியடுப்புச் சந்தேகம்

அடுத்த கேள்வி கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "மொட்டை மாடியில் செங்கல் அடுக்கி, கம்பி வலை வைத்து கோழி லெக் பீஸ் சுட்டோம். பத்து நிமிடத்தில் வெளியே கரிக்கட்டை, கடித்தால் எலும்புப் பக்கம் பச்சை. கரி சரியில்லையா, மசாலா சரியில்லையா? காய்கறிக்கும் இதே தீ போதுமா?"

கரியும் மசாலாவும் சரிதான் தம்பி. வலைக்கு அடியில் கரியை முழுக்கப் பரப்பியிருப்பீர்கள். நானும் ஒரு காணும் பொங்கலுக்கு இரண்டு கிலோ கோழியை இப்படித்தான் பாழாக்கினேன்.

கரியை ஒரு பாதியில் மட்டும் குவியுங்கள், மறுபாதி காலியாக இருக்கட்டும். கரிக்கு மேலே வைத்தால் நேர்ச்சூடு, காலிப் பக்கம் வைத்தால் பக்கச்சூடு. லெக் பீஸ் கனமானது. எலும்புவரை சூடு இறங்குவதற்குள் தணலுக்கு நேர்மேலே இருக்கும் மசாலா கருகிவிடும். தேனோ சர்க்கரையோ சேர்த்திருந்தால் இன்னும் சீக்கிரம். போதாததற்குக் கொழுப்பு உருகிக் கங்கில் சொட்டும். 'சுர்' என்று ஒரு சத்தம், உடனே தீ எழும்பிக் கறியை நக்கும். அந்தக் கசப்பைச் சுட்ட மணம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சவுக்குக் கரியோ கொட்டாங்குச்சிக் கரியோ, மேலே சாம்பல் பூத்த பிறகுதான் கறி ஏற வேண்டும். அதற்கு 20, 30 நிமிடம் ஆகும். வலைக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைக் காட்டி எண்ணுங்கள். மூன்று எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் நல்ல தணல். (பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை ஓடு சும்மா கிடைக்கிறது என்று அதைப் போட்டுவிடாதீர்கள். அதன் எண்ணெய்ப் புகை தொண்டையைப் பிடுங்கும்.)

லெக் பீஸை முதலில் காலிப் பக்கம் வைத்து, மேலே ஒரு பழைய சட்டியைக் கவிழ்த்து மூடுங்கள். நடுவில் ஒரு முறை திருப்பினால் போதும். 30 முதல் 40 நிமிடத்தில் வெந்துவிடும். கடைசி இரண்டு மூன்று நிமிடம் மட்டும் தணல் மேலே காட்டினால் தோல் மொறுமொறுவென்று ஆகும். எலும்பை ஒட்டிய சிவப்பை வைத்து வெந்ததா என்று முடிவு செய்யாதீர்கள். இளங்கோழியில் வெந்த பிறகும் அந்தச் சிவப்பு இருக்கும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள், 74 டிகிரி செல்சியஸ் தாண்ட வேண்டும்.

உங்கள் ஊரில் இன்னொரு சங்கதி, சாயங்காலக் கடல்காற்று. மாடியில் அது விசிறியை விட மோசம், தணலைச் சீறவைத்து அனலைக் கறிப் பக்கம் சாய்த்துவிடும். அதனால் காற்று போகும் திசையில் கரி, காற்று வரும் பக்கம் கறி. கிழக்கே இரண்டு வரிசை செங்கல் கூடுதலாக வையுங்கள். காற்றுக்குப் பயந்து அடுப்பை மட்டும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், கரி வாயு மூச்சையே நிறுத்திவிடும்.

காய்கறிக்கும் கனம்தான் கணக்கு. குடைமிளகாய், வெங்காய வில்லை, வஞ்சிரத் துண்டு எல்லாம் நேர்ச்சூட்டில் சட்டென்று முடிந்துவிடும். முழு உருளை, சேனைக்குப் பக்கச்சூடு. மக்காச்சோளம் நேர்ச்சூடுதான், ஆனால் கை ஓயக் கூடாது. உங்கள் ஊர் வெள்ளி கடற்கரையில் (சில்வர் பீச்) சோளம் சுடுபவர் கதிரை உருட்டிக்கொண்டே இருப்பதைப் பாருங்கள். கத்தரிக்காயை வலையில் வைக்கவே வேண்டாம். கோழியை இறக்கிய பிறகு, அடங்கிய தணலுக்குள் முழுசாகப் போட்டுப் புரட்டுங்கள். தோல் கருகட்டும், உரித்துத்தானே எறியப் போகிறோம்? உள்ளே இருப்பது வெண்ணெய் மாதிரி வரும், மறுநாள் கொத்சுக்கு ஆகும்.