ஒரு கிலோ

(கடலூர் மஞ்சக்குப்பத்தில், பளுதூக்குதல் பயிற்சியில் சேர வந்த மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கும் அம்மாக்களே, கதவோரம் நின்றுகொண்டே இருக்கும் அப்பாக்களே, வணக்கம். முன்வரிசையில் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள்.

பாரிஸ் ஒலிம்பிக், 2024 ஆகஸ்ட் 7. பெண்கள் 49 கிலோ உடல் எடைப் பிரிவு. நம் நாட்டு மீராபாய் சானு, தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்சில் 88 கிலோ, முதலில் தோளுக்கு ஏற்றி அப்புறம் தலைக்கு மேல் தள்ளும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 111 கிலோ, ஆக மொத்தம் 199. தாய்லாந்தின் சுரோட்சனா கம்பாவ் 200 தூக்கி வெண்கலத்தை எடுத்துக்கொண்டார். மீராபாய் நான்காவது. கிளீன் அண்ட் ஜெர்க்கின் கடைசி முயற்சியில் 114 கேட்டார். தூக்கியிருந்தால் மொத்தம் 202, வெண்கலம் நம்முடையது. முடியவில்லை.

போட்டி முடிந்ததும் அவர் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொன்னார். அன்று மாதவிடாயின் மூன்றாம் நாள், உடம்பு அசதியாக இருந்தது என்றார். உலகமே பார்க்கும் இடத்தில் அதைச் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன். நம் ஊரில் அந்த நாளில் பிள்ளை மைதானத்துக்கு வராவிட்டால் ‘வயிற்று வலி’ என்று சீட்டு எழுதி அனுப்புகிறோம். பயிற்சியாளருக்கு விவரம் தெரிந்தால்தானே அன்றைக்கு எவ்வளவு எடை வைக்கலாம் என்று முடிவு செய்ய முடியும்?

சரி, ஒரு கிலோவுக்கு வருகிறேன். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 55 கிலோ பிரிவில் நம் பிந்தியாராணி தேவி மொத்தம் 202, வெள்ளி. தங்கம் வென்ற நைஜீரியாவின் அடிஜாத் ஒலாரினோயே 203. அதே போட்டியில் 71 கிலோ பிரிவில் ஹர்ஜிந்தர் கவுருக்கு வெண்கலம். அவருக்கு முன்னால் இருந்த நைஜீரிய வீராங்கனை கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முயற்சியும் தவறவிட்டதால் அது கிடைத்தது. மூன்றும் போனால் ஸ்னாட்சில் எவ்வளவு தூக்கியிருந்தாலும் மொத்தக் கணக்கே கிடையாது. மீராபாய்க்கும் 2016 ரியோவில் இதேதான் நடந்தது. ஐந்து வருடம் கழித்து டோக்கியோவில் 87, 115, மொத்தம் 202, வெள்ளி. இடையில் 2017இல் உலக சாம்பியன். ஹர்ஜிந்தர், ஊரில் மாட்டுக்குத் தீவனம் வெட்டும் இயந்திரத்தைக் கையால் சுற்றிச் சுற்றித்தான் தோளில் பலம் வந்தது என்று சொல்லியிருக்கிறார்.

பலம் மட்டும் போதும் என்று இதை வைத்து நினைத்துவிடாதீர்கள். டிவியில் பார்க்கும்போது கம்பியைத் தலைக்கு மேல் இழுத்துவிடுவதாகத் தோன்றும். அப்படி இல்லை. கம்பி இடுப்பைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருக்கும்போதே வீராங்கனை அதன் அடியில் குந்தி விழுகிறார். ஸ்னாட்சில் கை நீட்டியபடி அங்கேயே பிடித்து, பிறகு எழுந்து நிற்கிறார். கண்ணிமைக்கும் நேரம்தான். விழப் பயந்தால் கம்பி கீழே போய்விடும். பிடியும் தனி. கட்டைவிரலைக் கம்பியோடு சேர்த்து வைத்து, மற்ற விரல்களால் அதன்மேல் பூட்டுவார்கள். முதல் வாரம் வலிக்கும், அப்புறம் பழகிவிடும். பெண்களுக்கான கம்பி 15 கிலோ, ஆண்களுக்கு 20. ஆண்கள் கம்பியைவிட இது கொஞ்சம் மெலிசு.

போட்டி நடக்கும்போது பாதி ஆட்டம் மேடைக்குப் பின்னால் நடக்கிறது. கம்பியில் எடை ஏறிக்கொண்டேதான் போகும், இறக்க மாட்டார்கள். குறைந்த எடை கேட்டவர் முதலில் வர வேண்டும். அழைத்தபின் ஒரு நிமிடம். தானே அடுத்த முயற்சிக்கும் வர வேண்டியிருந்தால் இரண்டு நிமிடம். சொன்ன எடையை இரண்டு முறை மாற்றிக்கொள்ளலாம். பயிற்சியாளர் கையில் பேனாவோடு நின்று, எதிராளி என்ன கேட்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு கிலோ ஏற்றிச் சொன்னால் எதிராளி முதலில் வர வேண்டியிருக்கும், தன் பெண்ணுக்கு இன்னும் இரண்டு மூன்று நிமிடம் மூச்சு வாங்கக் கிடைக்கும். இந்தக் கணக்கு பிடிபட்டவர்களுக்கு பளுதூக்குதலைவிடச் சுவையான விளையாட்டு இல்லை என்பேன். கிரிக்கெட் பைத்தியங்கள் மன்னிக்கட்டும்.

ஆண்களுக்கு 1896லேயே ஒலிம்பிக்கில் இருந்த இந்த விளையாட்டு, பெண்களுக்கு வந்தது 2000, சிட்னியில்தான். அந்த முதல் வருடமே ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் 110, 130 தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். மொத்தம் 240. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் 242.5. கடைசி முயற்சியில் அவர் 137.5 கேட்டார், தங்கத்துக்காக. போயிற்று. ஆனாலும் கேட்டார் பாருங்கள், அது எனக்குப் பிடிக்கும்.

அம்மாக்களின் கேள்விகள் எனக்குத் தெரியும். கை ஆம்பிளைக் கை மாதிரி ஆகிவிடுமா, வளர்த்தி நின்றுவிடுமா, கர்ப்பப்பை இறங்கிவிடுமா. விடியற்காலையில் முதுநகர் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். மீன் நிறைந்த அன்னக்கூடையைச் சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடும் பெண்களிடம் யாராவது கர்ப்பப்பையைப் பற்றிக் கேட்டோமா? வீட்டுக்காகச் சுமந்தால் கேள்வி இல்லை, தனக்காகத் தூக்கினால்தான் கேள்வி. வளர்த்தி விஷயத்தில், முறையான மேற்பார்வையில் செய்யும் எடைப் பயிற்சி அதை நிறுத்துவதாக ஆய்வுகள் காட்டவில்லை. முறை தெரியாமல் தூக்கினால் இடுப்பு பிடிக்கும், உண்மைதான். அது குடத்துக்கும் பொருந்தும், கம்பிக்கும் பொருந்தும். அதனால்தான் இங்கே முதல் சில வாரம் வெறும் பிவிசி பைப். இரும்பைத் தொட விடமாட்டோம். பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள், வீட்டில் வந்து புலம்புவார்கள். நீங்கள் காது கொடுக்க வேண்டாம்.

உடம்பு பெருத்துவிடுமே என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். இதில் எடைப் பிரிவு இருக்கிறது, தன் உடல் எடையை கிராம் கணக்கில் பார்ப்பவர்கள் இவர்கள். 2025இல் நார்வேயில் நடந்த உலகப் போட்டியில் மீராபாய் 48 கிலோ பிரிவில் தூக்கிய மொத்தம் 199. பாரிஸில் நான்காம் இடம் தந்த அதே 199, அங்கே வெள்ளி.

பேச்சு போதும். கேள்வி கேட்க விரும்பும் அம்மாக்கள் முதலில் கையைத் தூக்குங்கள்.