கோப்புகளைச் சுமப்பவர் யார்?

அவையோருக்கு வணக்கம்.

பின்தங்கிய குடியிருப்புகளில் அரசுத் துறைகளை ஒருங்கிணைக்க ஆள் இல்லை என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் வருத்தப்பட்டார்கள். ஆள் இருக்கிறார் என்றே நான் சொல்வேன். சம்பளமில்லாமல், பதவியில்லாமல், வருடக்கணக்காக அந்த வேலையைப் பார்த்துவருகிறார். அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒரு தாய்தான் அவர்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. மருத்துவமனையில் மருந்து கொடுத்து, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறார்கள். குடிநீர் அலுவலகத்துக்குப் போனால், சாக்கடை கலந்திருக்கும், கழிவுநீர்ப் பிரிவைக் கேளுங்கள் என்கிறார்கள். அங்கே போனால், குழாயை மாற்றலாம், ஆனால் சாலையை வெட்ட இன்னொரு துறை அனுமதிக்க வேண்டும் என்று பதில் வருகிறது. இதற்குள் பிள்ளை ஏன் நான்கு நாளாக வரவில்லை என்று பள்ளியிலிருந்து கேட்கிறார்கள். நோய் ஒன்று, கோப்பு நான்கு. நான்கையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பவர் அந்தத் தாய்.

அதிகாரிகள் சோம்பேறிகள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. சிக்கல் கணக்கில் இருக்கிறது. சாக்கடையைச் சரிசெய்யும் செலவு ஒரு துறையின் ஏட்டில் ஏறுகிறது. அதனால் மிச்சமாகும் மருந்துச் செலவோ வேறொரு துறையின் ஏட்டில் தெரிகிறது. செலவழித்தவருக்குப் பாராட்டு இல்லை, மிச்சம் பிடித்தவருக்குக் காரணம் தெரியாது. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் மாதாந்தரக் கூட்டம் எத்தனை போட்டாலும் கூட்டக் குறிப்புதான் தடிமனாகும்.

கொலம்பியாவின் மெதெயின் நகரத்தைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். 1991-இல் அங்கே ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 380 கொலைகள். மலைச்சரிவில் ஒன்றின்மேல் ஒன்றாக எழும்பிய குடிசைப் பகுதிகளில்தான் நிலைமை மிக மோசம். 2004-இல் அங்கே கம்பிவட ரயில் ஓடத் தொடங்கியது. தொங்கும் பெட்டிகளின் படத்தைக் காட்டிவிட்டுப் பலர் கதையை முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. அப்போதைய மேயர் செர்கியோ ஃபகார்தோ, நிலையங்களைச் சுற்றியுள்ள பகுதி முழுவதையும் ஒரே திட்டமாக எடுத்து, நகர மேம்பாட்டு நிறுவனம் ஒன்றின் பொறுப்பில் விட்டார். பூங்கா, நடைபாதை, பாலம், வீடு எல்லாம் வரைபடத்தின் ஒரே தாளுக்குள் வந்தன. குடியிருப்போரும் கூட நடந்து, எது எங்கே வேண்டும் என்று காட்டினார்கள். ஓடையின் இரு கரைகளிலும் பகைத்து நின்ற இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு நடைபாலம் எழுந்தது. கம்பிவட ரயில் சென்ற பகுதிகளில் கொலை விகிதம், அது செல்லாத ஒத்த பகுதிகளைக் காட்டிலும் அதிகமாகக் குறைந்ததைப் பின்னர் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அதே சரிவில் 2007-இல் திறந்த புகழ்பெற்ற நூலகம் கட்டுமானக் கோளாறுகளால் பின்னர் நெடுங்காலம் மூடிக் கிடந்தது. திறப்பு விழாவுக்கு எல்லாத் துறைகளும் வரிசையாக வருகின்றன. பழுதுபார்க்கும் நாளில் யார் வருவார்கள் என்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

எல்லாரும் சேர்ந்து செய்தால்தான் ஒருங்கிணைப்பு என்றும் நினைக்க வேண்டாம். பாகிஸ்தானில், கராச்சியின் ஒராங்கி என்ற குடிசைப் பகுதியில் 1980-இல் சமூகப் பணியாளர் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய கழிவுநீர் வசதி முயற்சி, யார் எதைச் செய்வது என்று கோடு கிழித்ததால்தான் வென்றது. வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய் ஆகியவற்றைச் சந்துக்காரர்களே பணம் போட்டுக் கட்டினார்கள். ஒரு சந்துக்கு இருபது முப்பது வீடுகள், கணக்குப் பார்க்க அவர்களுக்குள் ஒருவர். பெரிய கழிவுநீர்க் குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பங்கு. எந்த இடத்தில் என் வேலை முடிந்து உன் வேலை தொடங்குகிறது என்பது அந்தச் சந்தில் எல்லாருக்கும் தெரியும்.

இங்கிலாந்தில் 1998-இல் அரசு அறிவித்த ஒரு திட்டம் 39 பின்தங்கிய பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஐந்து கோடி பவுண்டைப் பத்தாண்டுகளுக்கு ஒதுக்கியது. எனக்கு அந்தத் தொகையைவிடப் பத்தாண்டு என்ற சொல்தான் பெரிதாகப் படுகிறது. அதிகாரி மாறினாலும் திட்டம் மாறாமல் இருக்க அவ்வளவு காலம் தேவைப்படுகிறது. ஆனாலும் காவல், மருத்துவம், கல்வி ஆகிய துறைகள் அன்றாடம் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் சிறப்பு நிதி எங்குமே சிறியதுதான். அந்த அன்றாடப் பணம் திசை மாறாவிட்டால் சிறப்பு நிதி ஒரு புதுப் பெயர்ப்பலகையோடு நின்றுவிடும்.

இங்கே பல துறைகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலை அமர்வுக்கு வரும்போது அறிக்கை எதுவும் கொண்டுவர வேண்டாம். "இது எங்கள் வேலை இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பிய மனுக்களை மட்டும் எடுத்து வாருங்கள். அவற்றைத் துறைவாரியாக அடுக்காமல், தெருவாரியாக ஒரே மேசையில் அடுக்குவோம். எந்தத் தெருவின் அடுக்கு உயரமாக இருக்கிறதோ, மதியம் எல்லாரும் அந்தத் தெருவுக்கு நடந்து போகலாம். வண்டி ஏற்பாடு செய்யவில்லை.